எந்த ஜாவா?

வாசகர் கேள்வி – பதில்

ஒரே பெயரைப் பலர் பங்குபோட்டுக்கொண்ட கதைகளைப் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். பைக், மென்பொருள், காப்பி, குருவி, சாம்பிராணி என்று எங்கெங்கோ தொடங்கிய கடிதங்கள் ஜாவாவில் வந்து நின்றன. அந்தந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பதில் வாங்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஜாவா தீவு, ஜாவா பைக், ஜாவா கணினி மொழி மூன்றுக்கும் ஒரே மூலம்தானா? – கோவை வாசகர்

இல்லை. இரண்டுக்குத்தான் உறவு. தீவில் காப்பி விளைந்தது. அந்தக் காப்பியை அமெரிக்கர்கள் ‘ஜாவா’ என்றே அழைத்தார்கள். காப்பி குடித்துக்கொண்டு வேலை செய்த மென்பொருள்காரர்கள் தங்கள் மொழிக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

பைக்குக்கும் தீவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செக் நாட்டில் ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்த பிரான்டிஷெக் யானெசெக் 1929-இல் மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினார். ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடம் 500 சிசி வண்டியின் வடிவமைப்பையும் அதைச் செய்யும் உரிமையையும் வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரின் முதல் இரண்டு எழுத்து இரண்டையும் சேர்த்தார். அவ்வளவுதான். செக் உச்சரிப்பில் அது ‘யாவா’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைசூரில் இதே வண்டிக்குப் பின்னாளில் வைத்த ‘யெஸ்டி’தான் ஊர்ப்பெயர். வண்டியைத் தயாரித்த இரானி குடும்பத்தின் பூர்விகத்தை ஒட்டி, ஈரானின் யாஸ்த் நகரத்திலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஊர்ப்பெயர் போலத் தெரிவது ஊர் இல்லை. அப்படித் தெரியாததுதான் ஊர்.

கேள்வி: ஜாவா தீவு எவ்வளவு பெரியது? – தருமபுரி வாசகி

ஏறக்குறைய நம் தமிழ்நாடு அளவு. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். ஜாவா அதைவிடச் சற்றே குறைவு. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 15 கோடிக்கு மேல். நம்முடைய 2011 கணக்கு 7.21 கோடி. உலகிலேயே அதிகம் பேர் வாழும் தீவு அதுதான். எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணும் நீர்வளமும் நெல்லுக்கு வாகாக அமைந்ததால் இத்தனை பேருக்கும் சோறு போட முடிந்தது. மிக உயரமான எரிமலை செமேரு, 3,676 மீட்டர். தொட்டபெட்டா 2,637.

கேள்வி: மணிமேகலையில் வரும் சாவகம் இந்த ஜாவாதானா? சாவகச்சேரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? – யாழ்ப்பாணம் வாசகர்

‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மணிமேகலையில் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டில் பிறக்கிறான். பூமிசந்திரன் என்ற அரசன் அவனை எடுத்து வளர்க்க, புண்ணியராசன் என்ற பெயரில் நாகபுரத்திலிருந்து ஆள்கிறான். மணிமேகலை வான்வழியே அங்கே போய் அவனைச் சந்திக்கிறாள். அந்தச் சாவகம் கடல் கடந்த கீழைத்தீவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய வரைபடத்தின் ஜாவா மட்டும்தான் அது என்று அடித்துச் சொல்ல ஆதாரமில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பெயர் சுமத்ராவுக்கும் மலாய் நாட்டுக்கும் சேர்த்தே வழங்கியது. அரபு வணிகர்களும் அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டில் சுமத்ராவுக்குப் போன மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அதை ‘ஜாவா’ என்றே எழுதினார். மலாய் மொழியை அரபு லிபியில் எழுதும் முறைக்கு ‘ஜாவி’ என்று பெயர் வந்ததும் இந்தப் பழக்கத்தால்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சாவகச்சேரிக்கு வாருங்கள். சாவகர் குடியிருந்த சேரி என்பதே ஊரார் சொல்லும் விளக்கம். 1247-இல் இலங்கைமேல் படையெடுத்த சந்திரபானுவை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் ‘ஜாவகன்’ என்கிறது. பாண்டியர் கல்வெட்டும் ‘சாவகன்’ என்றே குறிக்கிறது. ஆனால் அவர் ஆண்டது தாம்பரலிங்கம், இன்றைய தெற்குத் தாய்லாந்து. ஆகவே சாவகச்சேரிக்கும் சாவகருக்கும் தொடர்பு இருக்கலாம். அந்தச் சாவகர் ஜாவாத் தீவிலிருந்து வந்தவர்கள் என்று முடிவு கட்டுவதுதான் அவசரம்.

கேள்வி: அப்பா ஓட்டிய மைசூர் ஜாவாவைச் சரிசெய்து எடுத்திருக்கிறேன். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். – சேலம் வாசகர்

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கணக்கு, ஆயில் தரம் குறைவாக இருந்த காலத்துக் கணக்கு. 25-க்கு 1 என்பது அது. லிட்டருக்கு 40 மி.லி., ஐந்து லிட்டருக்கு 200 மி.லி. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கென்றே விற்கும் இன்றைய நல்ல டூ-டி ஆயிலுக்கு 33-க்கு 1, அதாவது லிட்டருக்கு 30 மி.லி. போதும் என்று நிறைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். சிலிண்டரைக் கடைந்து (‘போர்’ செய்து) புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 50 மி.லி. ஊற்றி, வேகத்தை ஏற்றாமல் ஓட்டுங்கள். வண்டியின் கையேடு கையில் இருந்தால் அது சொல்வதே கடைசிச் சொல்.

எவ்வளவு என்பதைவிட எப்படிக் கலக்கிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டாங்கில் பெட்ரோலை நிரப்பிவிட்டு மேலே ஆயிலை ஊற்றினால், கனமான ஆயில் அடியில் இறங்கி பெட்ரோல் டாப் (திருகுகுழாய்) வழியாக நேரே கார்புரேட்டருக்குள் போகும். அதன் சிறு துளையான ஜெட் அடைக்கும், பிளக் நனையும், வண்டி கிளம்பாது. தனி உலோகக் கேனில் பாதிப் பெட்ரோல், அளந்த ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். அதன் பின்தான் டாங்க். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டாப்பை மூடுங்கள். திறந்தே கிடந்தால் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கும். காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கும்.

ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். கூடினால் பிளக்கில் கரி, சைலன்ஸரில் அடைப்பு, ஏற்றத்தில் இழுவை இருக்காது. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் இருப்பதால் ஒன்று அடைத்தாலும் உடனே தெரியாது. இரண்டின் வாயிலும் கை வைத்துப் புகையின் வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக வருவதன் உள்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும்.

கலவை சரியாக இருந்தும் வெள்ளைப் புகை கொட்டுகிறதா? கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கிளட்ச் பக்க கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் எஞ்சின் கியர் ஆயிலையே உறிஞ்சி எரிக்கும். டைனமோ பக்கச் சீல் போனால் எதிர்மாறு. வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் வண்டி அலறும், சூடேறும். புகைக்கு வருத்தப்படுகிறவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பிஸ்டன் பிடிப்பது இதில்தான்.

மலைச்சாலையில் இறங்கும்போது இன்னொன்று. இந்த எஞ்சினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடுதான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி, கியரில் வைத்து நீண்ட தூரம் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் மட்டும் வராது. சில விநாடிக்கு ஒருமுறை லேசாகத் திருகிக் கொடுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும் உங்களுக்கு இது அவசியம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டாங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் ஊறி உப்பும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுவது நல்லது.

கேள்வி: புது ஜாவாவுக்கும் ஆயில் கலக்க வேண்டுமா? – திருப்பூர் வாசகர்

வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் மறுபடி வந்த ஜாவா, ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. 293 சிசி, லிக்விட் கூலிங். எஞ்சின் ஆயில் தனியாக உள்ளே இருக்கும். பெட்ரோலில் ஆயில் ஊற்றினால் புகை, பிளக் கரி, புகைவடிகட்டி சேதம். பேரும் டாங்கின் சாயலும்தான் பழசு. கிக்கரும் கியரும் ஒரே லீவர் என்ற பழைய வித்தையும் இதில் கிடையாது. பழைய வண்டியில் கியர் லீவரை உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுவே கிக்கர் ஆகிவிடும். தெரியாதவர்கள் கிக்கரைத் தேடிக்கொண்டே நிற்பார்கள்.

கேள்வி: ‘ஜாவா’ மொழிக்கு முதலில் வேறு பெயர் இருந்ததாமே? அலுவலகக் கணினியில் ஒரு டிஜிட்டல் கையொப்பக் கருவியைத் திறந்தால் ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்று பிழை வருகிறது. ஜாவா இருக்கிறதே, பிறகு ஏன்? – விழுப்புரம் வாசகி

பெயர்க்கதை சிறியது. 1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு தொடங்கிய வேலை. அவர் அறைக்கு வெளியே நின்ற கருவாலி மரத்தின் பெயரால் ‘ஓக்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிக முத்திரையாக இருந்ததால் கைவிட நேர்ந்தது. 1995 மே 23-இல் ஜாவா என்ற பெயரில் வெளியே வந்தது. ஆவி பறக்கும் கோப்பைச் சின்னம் அதனால்தான். ஒவ்வொரு ஜாவா கிளாஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டைப் பதினாறடிமான எண்ணில் படித்தால் ‘கஃபே பேப்’ என்று வரும். காப்பிக்கடை வாசனை எந்திரத்துக்குள்ளும் போய்விட்டது.

இனி உங்கள் பிழை. ஜாவா இருக்கிறது, வயதுதான் இடிக்கிறது. கருவியைப் புதிய ஜாவாவில் எழுதித் தொகுத்திருக்கிறார்கள், உங்கள் கணினியில் பழையது இருக்கிறது. பிழைச் செய்தியில் இரண்டு எண் இருக்கும். ‘61.0’ என்று ஒன்று, ‘52.0’ என்று இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17. 52 என்றால் ஜாவா 8. கருவிக்கு 17 வேண்டும், உங்களிடம் 8 இருக்கிறது என்று பொருள். 65 வந்தால் 21.

17-ஐ நிறுவியும் அதே பிழை வந்தால், கணினியில் இரண்டு ஜாவாவும் இருக்கின்றன, விண்டோஸ் பழையதையே முதலில் எடுக்கிறது. சிஸ்டம் செட்டிங்கில் ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘பாத்’ வரிசையில் புதிய ஜாவாவின் ‘பின்’ (bin) ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றுங்கள். ‘ஜாவா ஹோம்’ என்ற மாறி இருந்தால் அதையும் புதிய ஃபோல்டருக்கு மாற்றுங்கள். திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்தை மூடி மறுபடி திறக்காவிட்டால் மாற்றம் தெரியாது. இங்கேதான் பலர் ‘மாற்றியும் வேலை செய்யவில்லை’ என்று சோர்ந்துபோகிறார்கள். பழையதை அவசரப்பட்டு நீக்க வேண்டாம், அலுவலகத்தின் வேறொரு கருவிக்கு அந்த 8-தான் தேவைப்படலாம். ‘1.8’ என்று எங்காவது பார்த்தால் குழம்பாதீர்கள். அதுவும் ஜாவா 8-தான்.

கேள்வி: ஜாவா கற்றால் ஜாவாஸ்கிரிப்ட் பாதி வந்துவிடுமா? – மதுரை மாணவர்

வராது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் உருவாக்கியது அது. முதல் பெயர் ‘மோக்கா’, பிறகு ‘லைவ்ஸ்கிரிப்ட்’. அந்த ஆண்டு டிசம்பரில், ஊரெல்லாம் ஜாவா பேச்சாக இருந்ததால் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ ஆக்கிவிட்டார்கள். விளம்பரத்துக்கு வைத்த பெயர். அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்ற மேற்பூச்சில் ஒற்றுமை உண்டு. உள்ளே இரண்டும் வெவ்வேறு மொழி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கேள்வி: காப்பிக் கடைகளில் ‘மோக்கா ஜாவா’ என்று விற்கிறார்களே, அது என்ன? ஜாவாக்காரர்கள் போல வீட்டில் காப்பி போட முடியுமா? – கும்பகோணம் வாசகி

இரண்டும் ஊர்ப்பெயர். மோக்கா ஏமன் நாட்டுத் துறைமுகம். இரண்டு இடத்துக் கொட்டையையும் சேர்த்த கலவை, காப்பி உலகின் மிகப் பழைய கலவைகளில் ஒன்று. இன்று ‘மோக்கா’ என்று கேட்டால் சாக்லேட் ஊற்றிக் கொடுப்பார்கள், அது வேறு.

ஜாவாவுக்குக் காப்பி போனது இந்தியாவிலிருந்து. 1696-இல் டச்சுக்காரர்கள் மலபார் கரையிலிருந்து கன்றுகளைப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அவை வெள்ளத்தில் போயின. 1699-இல் மறுபடி கொண்டுபோனவை பிழைத்தன. 1711-இல் முதல் சரக்கு ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. 1706-இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போன செடியின் வாரிசுகள்தாம் பிறகு கரீபியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும் பரவின. ஆகவே ‘ஜாவா’ என்று உலகம் குடித்ததில் மலபாரின் பங்கு பெரியது. பெயரில் மட்டும் அது இல்லை.

1870-களில் இலைத்துரு நோய் வந்து தாழ்நிலத்து அராபிகா வகைக் காப்பியை அழித்தது. இலங்கையைக் காப்பியிலிருந்து தேயிலைக்குத் துரத்திய அதே நோய்தான். ஜாவாவில் அந்த இடத்தை 1900-ஐ ஒட்டி ரோபஸ்டா என்ற இன்னொரு வகை பிடித்துக்கொண்டது. அதனால் இன்று ‘ஜாவா’ என்று எழுதியிருந்தாலே அராபிகா என்று நினைக்காதீர்கள். தீவின் கிழக்கே ஈஜென் பீடபூமியின் பழைய தோட்டங்களில் அராபிகா விளைகிறது. பாக்கெட்டில் ‘அராபிகா’, ‘ஈஜென்’ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் மோக்கா ஜாவா கலக்க, ஒரு பங்கு ஏமன், இரண்டு பங்கு ஜாவா. சமபங்கு போடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வறுக்காதீர்கள். ஏமன் கொட்டை சிறியது, ஜாவா பெரியது; ஒரே சட்டியில் போட்டால் ஒன்று கருகும்போது மற்றது வெந்திருக்காது. தனித்தனியாக வறுத்து ஆறவிட்டுக் கலக்க வேண்டும்.

ஜாவாவில் வீட்டுக்கு வீடு போடுவது ‘கோப்பி துப்ருக்’. ஃபில்டரே வேண்டாம். கண்ணாடித் தம்ளரில் இரண்டு தேக்கரண்டி, சுமார் 10 கிராம், நைசாக அரைத்த தூள். சர்க்கரை ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி. தளதளவென்று கொதித்த தண்ணீர் 150 முதல் 180 மி.லி. ஊற்றி ஒருமுறை கிண்டி, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். தூள் அடியில் படியும். மேலாகக் குடித்து, கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிட வேண்டும்.

தூள் மேலேயே மிதந்தால் தண்ணீர் சூடு போதவில்லை, அல்லது தூள் கரகரப்பாக இருக்கிறது. நம் வீட்டு ஃபில்டர் தூளைப் போட்டால் சரியாக வராது. அதிலுள்ள சிக்கரி கரைந்து குழகுழப்பாகிக் கசக்கும். சிக்கரி கலக்காத தூள்தான் வேண்டும். பால் ஊற்றலாமா என்று கும்பகோணம் கேட்காமல் இருக்காது. ஊற்றலாம், ஆனால் படிவது தாமதமாகும். படிந்த பிறகு வேறு தம்ளருக்கு இறுத்து ஊற்றுங்கள்.

கேள்வி: செல்லப்பிராணிக் கடையில் ‘ஜாவா குருவி’ ஒரு ஜோடி பார்த்தேன். வாங்கலாமா? – தாம்பரம் வாசகர்

சாம்பல் முதுகு, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், தடித்த சிவந்த அலகு, அதுதானே? ஜாவா, பாலித் தீவுகளின் பறவை. நெல் வயலில் கூட்டமாக இறங்கும் என்பதால் உழவர்கள் பிடித்தார்கள். அழகாக இருப்பதால் கூண்டுக்காரர்கள் பிடித்தார்கள். கூண்டுகளில் உலகமெங்கும் இருக்கிறது, சொந்த மண்ணில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. அயல்நாட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது உள்ளது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இப்பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் ரசீதும் அவருடைய பதிவு விவரமும் கேளுங்கள். ‘அதெல்லாம் கிளிக்குத்தான் சார்’ என்று சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

ஜோடி என்று கொடுப்பது பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில்தான். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பாடுவது ஆண் மட்டுமே. கடையில் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தீனிக்குத் தினை, சாமை, நெல். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு. சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டுப் பழக்கினால் கொழுப்பேறிச் சாகும். வேண்டாம் என்றானதும் திறந்து விட்டுவிடாதீர்கள். செங்கல்பட்டு வயல்களில் நெல் தின்ன இன்னொரு கூட்டம் தேவையில்லை.

கேள்வி: நர்சரியில் ‘ஜாவா பிளம்’ என்று எழுதி ஒரு கன்றுக்கு நல்ல விலை சொல்கிறார்கள். புது ரகமா? – தென்காசி வாசகர்

நம் நாவல்தான். ஆங்கிலத்தில் அதற்கு அப்படியொரு பேர். நாவல் இந்தியாவுக்கும் சொந்த மரம். இந்தியாவையே நாவலந்தீவு என்று பாடி வைத்திருக்கிறோம். அதற்கு ஜாவாவின் முகவரியைக் கொடுத்தது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. சந்தேகமிருந்தால் இலையைக் கசக்கி முகருங்கள், லேசான டர்பன்டைன் வாடை அடிக்கும்.

ஒட்டுக்கன்று என்றால் கூடுதல் விலை நியாயம். விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டு, ஒட்டு ஆறு ஏழு ஆண்டில் காய்க்கும். ஒட்டுப்போட்ட தழும்பு தண்டில் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விதைபோட்டு வளர்ப்பதானால் பழம் தின்ற கையோடு விதைக்க வேண்டும். காயவைத்துப் பத்திரப்படுத்திய விதை இரண்டு வாரத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும். மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுங்கள்.

‘ஜாவா ஆப்பிள்’ என்பது வேறு. இலங்கையில் ஜம்பு, இங்கே வாட்டர் ஆப்பிள் என்று விற்கும் மணி வடிவப் பழம் அது. அதன் தாவரவியல் பெயரில் ஜாவாவின் செமராங் நகரம் இருக்கிறது. வால்மிளகு மட்டும் கேள்விக்கே இடமில்லாத ஜாவாக்காரர். பிறந்த இடமே அந்தத் தீவுகள்தாம்.

கேள்வி: சாம்பிராணிக்கும் ஜாவாவுக்கும் என்ன தொடர்பு? பாட்டி போட்ட சாம்பிராணி வாசம் இப்போது வருவதில்லையே! – நாகப்பட்டினம் வாசகி

இந்தத் தொகுப்பில் நீண்ட தூரம் பயணித்த பெயர் இதுதான். சாம்பிராணி சுமத்ராவிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் வளரும் ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறினால் வடிந்து கட்டியாகும். அரபு வணிகர்கள் அதை ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவாவின் குந்திரிக்கம் என்றார்கள். சுமத்ராவையும் ஜாவா என்றே சொன்ன காலம் என்று மேலே பார்த்தோம். ஐரோப்பியர் வாயில் முன்னால் இருந்த ‘லு’ உதிர்ந்து, மீதி ‘பென்ஜாய்’, ‘பென்சாயின்’ என்று திரிந்தது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833-இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி வந்த திரவத்துக்கு ‘பென்சின்’ என்று பேர் வைத்தார். நாம் பள்ளியில் படித்த பென்சீன் அதுதான். பிறகு ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் பெட்ரோலுக்கே ‘பென்சின்’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. ஜாவா பைக்கின் பெயரில் ஜாவாத் தீவு இல்லை. அதன் டாங்கில் ஊற்றியதன் பெயரில் இருக்கிறது!

வாசம் வராததற்குக் காரணம், வாங்குவது சாம்பிராணியாக இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்ற பேரில் வருவதில் பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வாசனை எண்ணெயும்தான். கட்டிச் சாம்பிராணி என்று குங்கிலியத்தைக் கொடுப்பதும் உண்டு. நல்ல சாம்பிராணியை உடைத்தால் பழுப்பு நிறத்துக்குள் பாதாம்பருப்புப் போல வெள்ளைத் துண்டுகள் தெரியும். முகர்ந்தால் லேசான வனிலா இனிப்பு. குங்கிலியம் கண்ணாடித் துண்டுபோல் தெளிவாக இருக்கும், பைன் மர வாடை அடிக்கும்.

தணலில் போடுவதிலும் பக்குவம் உண்டு. கரி புகைவிட்டு முடிந்து, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகு பட்டாணி அளவு போடுங்கள். செக்கச்சிவந்த தணலில் நேராகப் போட்டால் வாசம் வருமுன் எரிந்து, கருகல் நாற்றமும் கண்ணெரிச்சலும்தான் மிஞ்சும். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் அறையில் வேண்டாம்.

கேள்வி: ஜாவா என்ற பெயரில் போர்க்கப்பல் இருந்ததா? – தூத்துக்குடி வாசகர்

ஒன்றுக்கு மூன்று. 1811-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் மடகாஸ்கர் அருகே பிடித்த கப்பலுக்கு ஆங்கிலேயர் ‘ஜாவா’ என்று பேரிட்டார்கள். அதே ஆண்டுதான் ஜாவாத் தீவையும் கைப்பற்றியிருந்தார்கள். அந்தப் படையெடுப்பில் சென்னைப் படையும் போனது. நில அளவையாளர் காலின் மெக்கன்சியும் போய் 1813 வரை அங்கே இருந்தார். பிறகு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் இன்றும் சென்னையில் இருக்கின்றன.

கப்பல் நீண்ட நாள் வாழவில்லை. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பலிடம் தோற்றது. துறைமுகம் கொண்டுபோக முடியாத அளவு சேதம், அமெரிக்கர்கள் எரித்துவிட்டார்கள். பம்பாய்ப் பதவிக்காக அதில் பயணம் செய்துகொண்டிருந்த தாமஸ் ஹிஸ்லப் கைதியாகி விடுபட்டு, பின்னர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்தார். வென்ற மகிழ்ச்சியில் அமெரிக்கர்கள் தாங்கள் கட்டிய ஒரு கப்பலுக்கும் ‘ஜாவா’ என்றே பேர் வைத்தார்கள்.

மூன்றாவது டச்சுக் கப்பல். 1942 பிப்ரவரி 27-இல் ஜப்பானியருடன் நடந்த ஜாவாக் கடற்போரில் ‘ஜாவா’ ஜாவாக் கடலிலேயே மூழ்கியது. 2002-இல் முழுகுவோர் அதைக் கண்டுபிடித்தார்கள். 2016-இல் மறுபடி போய்ப் பார்த்தபோது பெரும்பகுதி காணோம். பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

கேள்வி: வேறு நாட்டில் ஜாவா என்று ஊர் உண்டா? – புதுச்சேரி வாசகி

தெற்கு ஒசேட்டியாவில், காகசஸ் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் உண்டு. 1991 ஏப்ரல் 29 நிலநடுக்கத்தில் மிகவும் அடிபட்டது. அந்தப் பெயருக்கும் இந்தோனேசியாவுக்கும் தொடர்பில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஜாவாத் தீவு என்றே ஒன்று உண்டு. துறைமுகத்துக்காக மனிதர் கொட்டி உண்டாக்கிய திட்டு. கீழைத்தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் நின்ற இடம், இப்போது குடியிருப்பு.

கேள்வி: ‘ஜாவா மனிதன்’ ஜாவா மக்களின் மூதாதையா? – திருநெல்வேலி ஆசிரியை

நேர் மூதாதை என்று பாடத்தில் சொல்லாதீர்கள். 1891-இல் சோலோ ஆற்றங்கரையில் டிரினில் என்ற இடத்தில் டச்சு ஆய்வாளர் யூஜின் துபுவா ஒரு மண்டையோட்டின் மேல்பகுதியைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு ஒரு தொடையெலும்பு. இன்று அந்த மண்டையோட்டை ‘ஹோமோ எரெக்டஸ்’ என்ற ஆதிமனித இனமாக வகைப்படுத்துகிறார்கள். பல லட்சம் ஆண்டுக்கு முந்தையது. இன்றைய ஜாவா மக்கள் நம்மைப் போலவே ஹோமோ சேப்பியன்ஸ், மிகப் பின்னால் அங்கே குடியேறியவர்கள். தொடையெலும்பு அந்த மண்டையோட்டுக்காரருடையதுதானா என்பதில் இன்னும் தகராறு உண்டு. இந்தப் புதைபடிவங்களை நெதர்லாந்து வைத்திருந்தது. இந்தோனேசியாவுக்குத் திருப்பித்தர 2025-இல் ஒப்புக்கொண்டது.

கேள்வி: ஜாவா கரும்பு என்று தாத்தா சொல்வார். எது அது? – கரூர் வாசகர்

ஜாவாவின் பாசுருவான் ஆய்வு நிலையத்தில் உருவான பி.ஓ.ஜே. 2878. நோய் தாங்கி, விளைச்சலும் கொடுத்து 1920-களில் உலகைச் சுற்றிய ரகம். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் அதைக் கோ 290 என்ற தன் ரகத்துடன் சேர்த்துக் கோ 419-ஐ உண்டாக்கியது. தென்னிந்திய வயல்களில் பல ஆண்டு கோலோச்சியது அந்தக் கோ 419. உங்கள் தாத்தா சொன்னது ஜாவாவிலிருந்து நேராக வந்த ரகமாக இருக்கலாம், கோவை வழியாக வந்த அதன் பிள்ளையாகவும் இருக்கலாம். எந்த ஆண்டு நட்டார் என்று கேட்டுப் பாருங்கள். 1930-களுக்குப் பிறகு என்றால் கோ 419 என்றே ஊகிக்கலாம்.